அடுப்படியில் வைத்த மெஷின்

டாக்டர் அம்மாவின் வலது கையை மேஜை விளக்குக்குக் கீழே இழுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். விரலிடுக்குகள் ஊறி வெளுத்துத் தோல் பிய்ந்திருந்தது. நடவு நடுகிறவர்களுக்குக் காலில் வருமே சேற்றுப்புண், அது அம்மாவுக்குக் கையில் வந்திருந்தது. நடுவிரலில் நகச்சுற்று வேறு. சீழ் கோத்து, நகம் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது.

“என்ன வேல பாக்குறீங்கம்மா?”

“ரவிக்கை தைக்கிறேன் சார்.”

“தைக்கிறதுல இது வராதே.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன். “அப்பா வாதம் வந்து படுக்கையில இருக்காரு சார். அவரு துணியெல்லாம் அம்மாதான் அலசுறாங்க.”

டாக்டர் கையை மெதுவாகத் திருப்பி வைத்தார். “மாத்திரை தர்றேன். மருந்து தர்றேன். ஆனா சோப்புத் தண்ணியில கை வைக்கிறத நிப்பாட்டணும். எலும்பு வரைக்கும் இறங்குச்சுன்னா விரல எடுக்க வேண்டியதுதான். சொல்லிட்டேன்.”

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது அம்மா சொன்ன ஒரே வார்த்தை, “நடுவெரல்ல தான்டா ஊசி நூலே நிக்கும்.”

அப்பா மில்லில் வேலை பார்த்தவர். முந்தின வருஷம் ஒருநாள் ஷிப்ட் முடிந்து ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுக்கும்போது அப்படியே சாய்ந்தார். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சில் ஒன்றிரண்டு வார்த்தை மட்டும் மிஞ்சியது, அதுவும் வாய்க்குள் கூழ் வைத்துக்கொண்டு பேசுவது மாதிரி. சிறுநீர் வருவது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும், தெரியப்படுத்துவதற்குள் வந்துவிடும். கிழித்த வேட்டியும் பழைய சேலையுமாக மடித்து மடித்துப் போட்டு, கீழே ரப்பர் ஷீட் விரித்து, நனைந்ததும் உருவி, திரும்பப் போட்டு, இப்படியே அம்மாவின் பகலும் இரவும் போய்க்கொண்டிருந்தது. திருநகரில் எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது. அதனால் வாஷிங் சோடாவை அள்ளிப் போடுவாள். சோடா துணியின் வாடையை எடுத்தது. கையின் தோலையும் எடுத்தது. அந்தக் கையோடு தையல் மிஷினில் உட்கார்ந்து முகூர்த்த ரவிக்கை தைப்பாள். ஒருநாள் பட்டுத் துணியில் ரத்தப்பொட்டு விழுந்து, கல்யாண வீட்டுக்காரர்கள் துணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதன்பின் அந்தத் தெருவிலிருந்து யாரும் தைக்கக் கொடுக்கவில்லை.

மகன் ஒருத்தன் இருக்கிறானே, அவன் அலசக் கூடாதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வாளியைத் தூக்கிக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் போனேன். அப்பா கட்டிலில் இருந்தபடி பின்வாசல் வழியாகப் பார்த்துவிட்டார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, பேச்சு அல்ல. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று முழுக்க அம்மா ஊட்டிய கஞ்சிக்கு வாயே திறக்கவில்லை. அம்மா ஓடிவந்து வாளியைப் பிடுங்கினாள். “அந்த மனுசன உசுரோட கொல்லாதடா. பெத்த மகன் தன் மூத்திரத் துணிய அலசுறத அவரு பாக்கணுமா? போய்ப் படி.”

வாரம் ஒருமுறை வந்து வேட்டி சேலைகளை வெளுக்க எடுத்துப்போகிற அம்மாளிடம் கொடுக்கலாமே என்று மச்சான் சொல்லிப் பார்த்தார். அக்காவைச் சமயநல்லூரில் கட்டிக்கொடுத்திருந்தது; மச்சான் அங்கே லாரி ஷெட்டில் வெல்டிங் வேலை பார்த்தார். அம்மா அவரையும் மடக்கினாள். “ஏன் மாப்ள, அவ மனுசி இல்லையா? இந்த நாத்தத்தையெல்லாம் அவ தலையில கட்டுறதா?”

இந்த இடத்தில்தான் எனக்கு மெஷின் யோசனை வந்தது.

அப்போது நான் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் வருஷம். எதைப் பார்த்தாலும் அதற்குள் என்ன சுற்றுகிறது என்று பிரித்துப் பார்க்கிற வயது. துணி துவைக்கும் மெஷின் மதுரைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. டவுன் ஹால் ரோட்டுக் கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால், டி.வி.க்களுக்கு நடுவே, வெள்ளையாகச் சதுரமாக நிற்கும். கல்லூரி விட்டதும் ஒவ்வொரு கடையாக ஏறி விளம்பரத் தாள்களை வாங்கி வந்தேன். எத்தனை கிலோ துணி, எவ்வளவு தண்ணீர், மோட்டார் எத்தனை வாட்ஸ், பிழியும் தொட்டி நிமிஷத்துக்கு எவ்வளவு சுற்று. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அம்மாவுக்கு மையவிலக்கு விசையை விளக்குவேன். “ஈரத் துணிய வேகமாச் சுத்துனா தண்ணி தானா வெளிய ஓடிரும்மா. நீ முறுக்கிப் பிழியவே வேணாம்.” அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “சத்தம் போடுமா? உங்கப்பா கண்ணசர்ற நேரம் பாத்து அது கத்துச்சுன்னா?”

அப்பாவுக்குத்தான் என்னைவிட ஆர்வம். தாள்களைக் கட்டிலில் பரப்பச் சொல்லி, இடது கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். மில்லில் பெரிய பெரிய மெஷின்களுக்கு நடுவே நின்ற மனிதர், படத்தில் இருக்கும் பொம்மை மாதிரியான பெட்டியைப் பார்த்து ஒரு பக்க உதட்டால் சிரித்தார். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னார். “வாங்கு. அவ... கை.” மில்லிலிருந்து அவருக்கு வந்த பணம் பேங்கில் இருந்தது. அம்மா அதைத் தொடவிடாமல் காத்து வைத்திருந்தாள். பணம் எடுக்கும் தாளில் அப்பாவே இடது கைப் பெருவிரலை நீட்டினார், யாரும் கேட்பதற்கு முன்னால்.

கடைக்கு மச்சானும் வந்தார். கடைக்காரர் எங்களை நேராக உள்ளே பெரிய மெஷினிடம் கூட்டிப்போனார்.

“தம்பி, இது ஃபுல் ஆட்டோமேட்டிக். துணியப் போட்டு சுவிட்சத் தட்டிட்டு நீங்க குடும்பத்தோட சினிமாவுக்குப் போயிட்டு வரலாம். வந்து காயப் போட வேண்டியதுதான் பாக்கி.”

“தண்ணி எப்படிண்ணே எடுக்கும்?”

“குழாயில சொருகி விட்ரணும். பிரஷரா வந்துக்கிட்டே இருக்கணும்.”

மச்சான் மெஷினின் மூடியைத் தட்டிப் பார்த்தார். “அப்படின்னா மாப்ள, மொதல்ல வைகையில தண்ணி விடச் சொல்லுவோம். அதுக்கப்புறம் வந்து இத வாங்குவோம்.”

கடைக்காரரும் சிரித்துவிட்டார். நான் நேராக இரட்டைத் தொட்டி மெஷினுக்குப் போனேன். ஒரு தொட்டியில் துவைக்கும், இன்னொன்றில் பிழியும். வாளியால் தண்ணீர் ஊற்றலாம், உப்புத் தண்ணீரானாலும் ஓடும். மூடியைத் திறந்து, அடியில் இருக்கும் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்த்தேன். அதுதான் என்று அப்போதே முடிவாகிவிட்டது. ஆனாலும் மூன்று கம்பெனி மெஷின்களையும் மாற்றி மாற்றிக் கேள்வி கேட்டுக் கடைக்காரரைக் களைக்கவைத்தேன்.

“வீட்ல எம்புட்டுப் பேரு தம்பி?”

“மூணு பேருண்ணே.”

“மூணு பேருக்கா இம்புட்டு விசாரணை? ஒரு கல்யாண மண்டபத்துக்கு வாங்குறாப்ல கேக்குறீங்க.”

மச்சான்தான் சொன்னார். “எங்க மாமா படுக்கையில இருக்காருண்ணே. அவரு துணிக்குத்தான்.”

கடைக்காரரின் குரல் இறங்கியது. “அப்ப இதே போதும். தாராளமாப் போடலாம். எங்க அய்யா கெடந்தப்ப எங்க வீட்டுப் பொம்பளைக என்ன பாடு பட்டாளுகன்னு எனக்குத் தெரியும். வெந்நி ஊத்தி ஓட விடுங்க, வாடை நிக்காது.”

கடைக்காரர் சொன்னது எல்லாம் உண்மை. மெஷினில் ஒரு குறையும் இல்லை, இன்றுவரை இல்லை.

எங்கே வைப்பது என்பதையும் நான்தான் டேப் வைத்து அளந்தேன். பின்னால் துவைக்கிற கல் இருக்கும் இடத்துக்குக் கூரை கிடையாது. முன் அறையில் அப்பாவின் கட்டிலும் அம்மாவின் தையல் மிஷினும் போக மூச்சு விட இடமில்லை. பெரிய மோட்டார் தாங்கும் ப்ளக் வீட்டில் ஒன்றே ஒன்றுதான், கிரைண்டருக்காக அப்பா போட்டு வைத்தது, அடுப்படியில். கழிவுத் தண்ணீர் போகும் துவாரமும் அங்கேயே இருந்தது. கிரைண்டரைத் தள்ளி வைத்தால் மெஷின் அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்காரும். மேலே ஒரு பலகை. பலகையில் சாமி படங்கள், விளக்கு, விபூதித் தட்டு. இதை நான் பார்த்தேன், பலகையில் தலை இடிக்குமா என்று மட்டும் அளந்தேன். இடிக்கவில்லை.

ஆயுத பூஜைக்கு முன்தினம் மெஷின் வந்து இறங்கியது. மாட்டுவண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். தெருவே வாசலில் நின்றது. மறுநாள் அம்மா தையல் மிஷினைத் துடைத்து, அரிவாள்மனை, கத்தரிக்கோல், என்னுடைய புத்தகங்கள் எல்லாவற்றையும் அடுக்கி, மெஷினுக்கும் மூடியில் மூன்று பட்டை சந்தனம் இழுத்து நடுவில் குங்குமம் வைத்தாள். எலுமிச்சம்பழம் வெட்டிக் குங்குமம் தடவி முன்னால் பிழிந்தாள். பொரிகடலையை அதன்மேலேயே வைத்துப் படைத்தாள். கையில் துணி சுற்றியிருந்ததால் கற்பூரத் தட்டை நான் பிடித்தேன். கட்டிலில் படுத்திருந்த அப்பாவுக்கு ஒற்றிக்கொள்ளத் தட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் இடது கையால் ஒற்றிக்கொண்டு அடுப்படிப் பக்கம் கைகாட்டினார். ஓட்டிக் காட்டு என்று அர்த்தம்.

பூஜைக்கு வைத்த பொருளை அன்று தொடக் கூடாது. அதற்கு மறுநாள் காலை ஓட்டினேன். என் சட்டைகள், அம்மாவின் சேலை, தலையணை உறைகள். சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிச் சுற்றியது. தண்ணீர் பழுப்பாகி, சாம்பலாகி வெளியே ஓடியது. பிழியும் தொட்டி வேகம் பிடித்தபோது மேல்பலகையில் விபூதித் தட்டு கிணுகிணுவென்று ஆடியது. நான் குதிக்காத குறை. அம்மா பிழிந்து வந்த சேலையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். “அடேய், பாதி காஞ்சே போச்சுடா!” அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

நான் பின்னால் போய் அப்பாவின் துணிகள் ஊறிக்கொண்டிருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அம்மா அடுப்படி நிலையில் இரண்டு கையையும் நீட்டி மறித்தாள்.

“எங்க கொண்டு வாரே?”

“அடுத்த ஓட்டு ஓட்டிரலாம்மா.”

“அந்தத் துணியவா? இதுலயா?”

“இதுக்குத்தானேம்மா வாங்குனோம்?”

“சாமிக்குக் கீழ நிக்குதுடா. சந்தனமும் குங்குமமும் வச்சுக் கும்பிட்டாச்சு. அதுல கொண்டுபோய் இதக் கொட்டச் சொல்றியா? இந்தப் பக்கம் சோறு பொங்குறேன்.”

“வெந்நி ஊத்திக் கழுவிடலாம்மா. கிருமி எல்லாம் செத்துரும்.”

“கிருமி சாகும். நெனப்பு சாகுமா? நாளைக்கு இதே தொட்டியில ஓஞ்சட்டையப் போட்டு, அதப் போட்டுக்கிட்டு நீ கோயிலுக்குப் போவியா?”

“போவேன்.”

“நீ போவே. படிச்சவன். என்னால முடியாது.”

“அப்ப கை?”

“மத்த துணியெல்லாம் மெஷினு பாத்துக்கும்ல? அதுவே பெரிய ஒத்தாசை. இவரு துணி ஒண்ணுதான். அத நான் பாத்துக்கிறேன்.”

“அந்தத் துணிதானம்மா கையத் திங்குது!”

நான் கத்திவிட்டேன். அம்மா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம்தான் அப்பாவின் கட்டில். செங்கல் ஒற்றை வரிசை. இந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் அந்தப் பக்கம் கேட்கும்.

நான் முன் அறைக்குப் போனபோது அப்பா கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறவர் மூச்சு அப்படி இருக்காது.

மச்சான் வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். அவர் அம்மாவிடம் வாதாடவில்லை. பின்னால் போய்த் துவைக்கிற கல்லைச் சுற்றி நடந்து பார்த்தார். “இதுக்கா இம்புட்டு மல்லுக்கட்டு? நாலு பைப்ப நட்டு வெல்டு வச்சு, மேல ஆஸ்பெட்டாஸ் ஷீட்டப் போட்ருவோம். ஒயர இழுத்துக்கிட்டா மெஷினு இங்க வந்துரும். அத்தை, பின்னாடி இருந்தா போடுவீங்கள்ல?”

அம்மா யோசித்தாள். “பின்னாடின்னா சரி. சந்தனத்தக் கழுவிட்டு, வேற துணி எதுவும் அதுல போடாம, அதுக்குன்னே வச்சுக்கிறலாம்.”

ஆக, அம்மாவும் ஒத்துக்கொண்டாள். இதை எழுதும்போது அதைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். யாரும் முரண்டு பிடிக்கவில்லை. எல்லோருக்கும் அந்தக் கை ஆற வேண்டும் என்றுதான் இருந்தது.

ஆனால் ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டது. குழி தோண்டினால் தண்ணீர் நின்றது. கார்த்திகையிலும் விடவில்லை. பைப்பும் ஷீட்டும் வந்து பின்சுவரில் சாய்ந்து நின்றன. மழை விட்டபோது மார்கழி பிறந்துவிட்டது. மார்கழியில் கால் நட்டுக் கூரை ஏற்றக் கூடாது என்று அம்மா சொன்னாள், அக்காவும் சொன்னாள், என்னை மாதிரியே இதிலெல்லாம் நம்பிக்கையில்லாத மச்சான்கூட, “தை பொறக்கட்டும் மாப்ள, வீட்ல நோயாளிய வச்சுக்கிட்டு எதுக்கு வம்பு?” என்றார். மழை நாட்களில் துணி காயாமல் அம்மா ஈரத்திலேயே நின்றாள். நடுவிரல் நகம் ஒருநாள் துணியோடு கழன்று வந்தது. அதைக் கல்லின் மேல் வைத்துவிட்டு மீதித் துணியை அலசி முடித்துத்தான் எழுந்தாள்.

அந்த மார்கழியின் கடைசியில்தான் ஆச்சரியம் நடந்தது. அம்மா காலையில் அப்பாவின் அடித்துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். “இங்க வாடா. ராத்திரி பூரா நனைக்கல.” மறுநாளும் அப்படியே. பகலிலும் குறைந்தது. வாளி நிறைய இருந்த துணி பாதியானது, பிறகு கால் வாசியானது. அம்மா தெருவில் எல்லோரிடமும் சொன்னாள். “அவருக்குத் தேறிக்கிட்டு வருது. மூத்திரம் கட்டுப்பட்டுருச்சு.” நரம்பு மறுபடியும் உயிர் பெறுகிறது என்று நான் விளக்கம் கொடுத்தேன். நூலகத்தில் போய் அதைப் பற்றித் தேடிக்கூடப் பார்த்தேன். அப்பாவிடம் கேட்டால், ஒரு பக்கமாகச் சிரிப்பார்.

கை ஆற ஆரம்பித்தது. விரலிடுக்கில் புதுத்தோல் மினுமினுத்தது. தை பிறந்து, மச்சான் வந்து, “குழி தோண்டிரவா அத்தை?” என்று கேட்டபோது, அம்மாவே சொல்லிவிட்டாள். “இப்பத்தான் துணியே இல்லையே மாப்ள. உங்களுக்கு ஷெட்டுல வேல இருக்கும்ல, மெதுவாப் பாப்போம்.”

மாசி நடுவில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. உதடு வெடித்து, நாக்கு மரப்பட்டை மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்த டாக்டர் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். கிள்ளிய இடம் அப்படியே நின்றது.

“என்னம்மா, இவருக்குத் தண்ணியே குடுக்குறதில்லையா?”

அம்மா பதறிவிட்டாள். “குடுக்குறேன் சார்! சொம்பு நெறைய வச்சு டம்ளர்ல ஊத்திக் குடுக்குறேன். அவரே இடது கையால வாங்கிக் குடிக்கிறாரு. வெறும் டம்ளரத்தான் திருப்பித் தர்றாரு.”

“கிட்னி ரெண்டும் போயிருக்கும் போல இருக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.”

டாக்டரை அனுப்பிவிட்டு வண்டி பிடிக்க ஓடியவன், வீட்டைச் சுற்றிக்கொண்டு சந்து வழியாகப் போனேன். அப்பாவின் கட்டிலை ஒட்டிய ஜன்னல் அந்தச் சந்தில்தான் திறக்கும். மழை நின்று இரண்டு மாதம். சந்து முழுக்கத் தரை வறண்டு வெடித்துக் கிடந்தது. ஜன்னலுக்கு நேர் கீழே மட்டும் பச்சை. புல்லும் குப்பைக்கீரையும் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தன. ஜன்னல் கட்டையிலிருந்து சுவரில் கோடு கோடாகத் தண்ணீர் வழிந்த தடம்.

வண்டி பிடித்துக்கொண்டு வந்தேன். அப்பாவைத் தூக்கும்போது காதருகில் குனிந்து கேட்டேன். “ஏம்ப்பா தண்ணியக் கொட்டுனீங்க?”

அவர் கண்ணைத் திறந்தார். பேச நெடுநேரம் பிடித்தது.

“தாகம்... இல்ல.”

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். உடம்பு ஊதியதே தவிர ஒன்றும் வெளியே வரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் மாற்றுத்துணி மூட்டையை வைத்துக்கொண்டு அம்மா காத்திருந்தாள், ஒரு தடவை நனைத்துவிட மாட்டாரா என்று. நர்ஸ் வரும்போதெல்லாம் அம்மா அடித்துணியைத் தொட்டுப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டினாள். பங்குனி பிறப்பதற்கு முன் எல்லாம் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம் சந்துக்குள் மச்சானைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் சுவரைப் பார்த்தார், கீழே பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அத்தைக்குத் தெரியுமா?”

“சொல்லல மச்சான்.”

“சொல்லாத மாப்ள. சொன்னா அந்தக் கைய அது அடுப்புல வச்சுரும்.”

இரண்டு பேருமாகச் செடிகளைப் பிடுங்கி அடுத்த தெருக் குப்பைத்தொட்டியில் போட்டோம். சுவரில் இருந்த தடத்துக்கு மச்சான் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனார்.

இதெல்லாம் நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அம்மா தைக்கிறாள். நடுவிரலில் நகம் முளைத்துவிட்டது, கொஞ்சம் கோணல், ஆனால் ஊசி பிடிக்க ஒன்றும் தடையில்லை. பட்டு ரவிக்கைகள் திரும்ப வருகின்றன. கொக்கியையும் அது மாட்டும் நூல்கண்ணையும் கையால்தான் தைக்க வேண்டும், அதை அவள் மாதிரி நெருக்கித் தைக்க ஆளில்லை என்கிறார்கள்.

போன வாரம் எதிர்வீட்டு அத்தை ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தார். அம்மா டேப்பைப் பிடித்தபோது அவர் அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

“ஏத்தா, இந்தக் கையா அந்தக் கை? அன்னைக்குப் பாக்கவே பயமா இருந்துச்சே! எல்லாம் மெஷினு வாங்குனதால வந்தது. எங்க வீட்டு மனுசன்கிட்ட அதத்தான் சொல்லிக்கிட்டே இருக்கேன், அவ கையப் பாரு, எங்கையப் பாருன்னு. தம்பி, நீதான எல்லாம் பாத்துப் பாத்து வாங்குன? எத வாங்கலாம், சொல்லு.”

நான் வாயைத் திறந்தேன். எனக்குத் தெரியாத மெஷின் இல்லை. புதிதாக இரண்டு வந்திருக்கின்றன, அவற்றின் தாள்களும் என் மேஜையில்தான் கிடக்கின்றன. ஆனால் கண் ஜன்னல் பக்கம் போயிற்று. அம்மா அத்தையின் தோளிலிருந்து டேப்பை எடுக்காமலே சொன்னாள்.

“ரெட்டைத் தொட்டி உள்ளதையே சொல்லுடா. வாளியில ஊத்திக்கிறலாம். நம்மது நல்லாத்தான ஓடுது.”

“ம்.”

“ஆனா அடுப்படியில வைக்க வேணாம்னு சொல்லு. சாமி பக்கத்துல எதுக்கு? மொத நாளே பின்னாடி கொண்டுபோய் வைக்கச் சொல்லு.”

“பின்னாடி வெயிலும் மழையுமால்ல அடிக்கும்?” என்றார் அத்தை.

“ஷீட்டும் பைப்பும் இங்கதான் சும்மா சாத்திக் கெடக்கு. எடுத்துக்கிட்டுப் போங்க,” என்றாள் அம்மா. டேப்பை மடக்கி, எப்போதும் என்னை எழுதச் சொல்கிற அளவை அன்று தானே எழுதிக்கொண்டாள். அத்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று மாலையே ஆள் கூட்டிக்கொண்டு வந்து ஷீட்டை எடுத்துப்போனார். பைப்புகள் கனமாக இருந்ததால் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தேன்.